அப்பாவின் நாற்காலியும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களும்

கடந்த மார்கழியில் அப்பா ஒரு கச்சேரிக்குக்கூடப் போகவில்லை. மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாவது மாடியின் படிகளை முழங்கால் வலியால் அவர் ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் ஏறி இறங்க முடிவதில்லை. அந்த ஒரு முறையையும் அவர் காலையில் கோயிலுக்குப் போய்வர வைத்துக்கொண்டுவிட்டார். நாற்பது ஆண்டுகளாக டிசம்பர் மாதத்தில் மாலையானால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சபாவுக்குக் கிளம்பியவர், கூடத்தில் அமர்ந்து தொலைக்காட்சியில் கச்சேரி கேட்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இவர் வலந்தலையை மட்டும்தான் வாசிக்கிறாரா? தொப்பியே கேட்கவில்லையே" என்றார். மிருதங்கத்தின் வலப்பக்கம் வலந்தலை, அடி ஒலி தரும் இடப்பக்கம் தொப்பி. திரையில் வித்வானின் இடக்கை நன்றாகவே அசைந்துகொண்டிருந்தது. எங்கள் கூடத்துக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தது அந்தக் கேள்வியால்தான்.

இரண்டு விரல் தடிமன் உள்ள தொலைக்காட்சிக்குள் வைக்கப்படும் ஸ்பீக்கர்கள் உள்ளங்கையில் பாதி அளவுகூட இருப்பதில்லை. பெரும்பாலும் அவை கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ திரும்பியிருக்கும். அத்தனை சிறிய கூம்பால் தேவையான அளவு காற்றை அசைக்க முடியாது என்பதால், கீழ்ஸ்தாயி ஒலிகள் அங்கேயே கழிந்துவிடுகின்றன. தம்பூரா மட்டும் ஏன் ஓரளவு கேட்டது என்பது எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 131 அதிர்வுகள். அவருக்குப் பின்னால் ஒலிக்கும் தம்பூராவின் மந்தர ஸட்ஜக் கம்பி அதில் பாதி, அதாவது 65 ஹெர்ட்ஸ். தொலைக்காட்சி ஸ்பீக்கரால் இதைத் தொடவே முடியாது. ஆனால் குதிரையின் மேல் கம்பிக்கு அடியில் செருகப்படும் ஜீவா நூல், அடிப்படை அதிர்வைவிட மேற்சுரங்களையே வாரி வழங்குகிறது. அந்த மேற்சுரங்கள் காதில் விழுந்தால் போதும், அடிப்படைச் சுரத்தை நம் மூளை தானாகவே ஊகித்துக்கொள்கிறது. தொப்பிக்கு அந்த வசதி இல்லை. ரவையைப் பிசைந்து நடுவில் அப்பி, தோலைக் கனமாக்கி, வேண்டுமென்றே கீழே இறக்கப்பட்ட ஒலி அது. மணிக்கட்டால் அழுத்தித் தேய்க்கும்போது பிறக்கும் கும்கியின் உயிர் முழுவதும் அடி ஒலியில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது தோலில் விரல் படும் சத்தம் மட்டுமே.

வலந்தலையின் கதையே வேறு. சாதாரண முரசின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிக் கிடக்கும்போது, நடுவில் பதிக்கப்பட்ட கருஞ்சோற்றின் கனத்தால் நம் தோற்கருவிகளின் மேற்சுரங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண் விகிதத்தில் ஒழுங்காக அமைகின்றன என்பதை 1920-ஆம் ஆண்டிலேயே சி.வி. ராமன் தம்முடன் பணியாற்றிய ஒருவருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். வலந்தலைக்குத் திட்டமான சுருதி உண்டு என்று நம் காது சொல்வதற்கு அதுவே காரணம். இதை இங்கே சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஸ்பீக்கர் வாங்குபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ‘பேஸ் எவ்வளவு அதிரும்’ என்பதாக இருக்கிறது. அதிர்வது வேறு, சுருதியோடு ஒலிப்பது வேறு. கர்நாடக இசைக்கும் பழைய திரைப்பாடல்களுக்கும் 60 ஹெர்ட்ஸ் வரை தெளிவாக இறங்கினால் போதும். 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கி அறையையே ஆட்டும் தனி சப்-வூஃபர் வீட்டுக் கச்சேரிக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கர்களை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம் இடம். எங்கள் கூடத்தில் ஏற்கெனவே பூஜை அலமாரி, பீரோ, தையல் இயந்திரம், அப்பாவின் சாய்வு நாற்காலி எல்லாம் இருக்கின்றன. தனி ஆம்ப்ளிஃபையருக்கும் அதற்கான கம்பிகளுக்கும் அங்கே இடமில்லை. இரண்டாவது காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. வழக்கமான ஸ்பீக்கர் பெட்டியில் ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் ஒலி, பெட்டிக்குள் உள்ள சுருள்களும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்த ஒரு வடிகட்டியால் பிரிக்கப்பட்டு, கீழ்ப்பகுதி வூஃபருக்கும் மேற்பகுதி ட்வீட்டருக்கும் போகிறது. முழுமையான ஆக்டிவ் ஸ்பீக்கரிலோ இந்தப் பிரிவினை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னாலேயே, சிறிய மின்னோட்டத்தில் நடந்துவிடுகிறது. பிறகு வூஃபருக்கு ஒன்றும் ட்வீட்டருக்கு ஒன்றுமாக இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் வேலை செய்கின்றன. எந்தக் கூம்புக்கு எவ்வளவு சக்தி தேவை, எங்கே அதன் குறை இருக்கிறது என்பதெல்லாம் வடிவமைத்தவருக்கு முன்பே தெரியும் என்பதால், அதற்கேற்ப ஒலியைச் சரிசெய்து அனுப்புகிறார். ஆனால் கடையில் ‘பவர்டு’ என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் இப்படிப்பட்டவை அல்ல. வலப் பெட்டியில் மட்டும் ஆம்ப்ளிஃபையரை வைத்து, இடப் பெட்டிக்கு ஒரு கம்பியை இழுத்து, உள்ளே பழைய வடிகட்டியையே வைத்திருக்கும் ஜோடிகள் ஏராளம். அவை மோசமானவை என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படிப்பட்ட ஒரு ஜோடிதான். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரிச்சி தெருவுக்கு இரண்டு சனிக்கிழமைகள் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்ததும் கேபிள் சுருள்களுக்கும் பழைய மடிக்கணினிகளுக்கும் நடுவில் நான்கைந்து பாடல்கள் ஒரே நேரத்தில் மோதிக்கொள்ளும் அந்தத் தெருவில், ஒரு ஸ்பீக்கரின் ஒலியைத் தனியாகக் கேட்டு மதிப்பிடுவது மிகக் கடினம். கடைக்காரர்கள் குறை சொல்ல முடியாத பொறுமையுடன் நடந்துகொண்டார்கள். ஆனால் அவர்கள் போட்டுக் காட்டும் பாட்டு, எந்த ஸ்பீக்கரிலும் நன்றாக ஒலிக்கும் பாட்டாகவே இருக்கும். நான் கைப்பேசியில் மூன்று பதிவுகளை எடுத்துப் போயிருந்தேன்: தம்பூராவும் ஒரே ஒரு குரலும் உள்ள ஆலாபனை, ஒரு தனி ஆவர்த்தனம், பக்கவாத்தியம் இல்லாமல் ஒருவர் பேசும் வானொலி உரை. மூன்றில் அதிகம் உதவியது பேச்சுதான். மனிதக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று நம் காதுக்கு நன்றாகத் தெரியும். பேசுபவர் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் அந்தப் பெட்டியின் பலகை அதிர்கிறது என்று பொருள். ‘ச’, ‘ஸ’ எழுத்துக்கள் ஊசிபோல் குத்தினால் ட்வீட்டர் மிகைப்படுத்துகிறது என்று பொருள். இப்படிக் கேட்டதில் பார்வைக்கு அழகாக இருந்த இரண்டு ஜோடிகள் அந்த இடத்திலேயே கழிந்துபோயின.

வாட் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு டேப் ரெக்கார்டர் பெட்டிகளின் மேல் பளபளக்கும் தாளில் ஒட்டப்பட்டிருந்த ‘பிஎம்பிஓ’ என்ற எழுத்துக்கள் நினைவிருக்கும். கையில் தூக்கிப் போகும் பெட்டிக்கு ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. நாம் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்று குறிக்கப்படும் தொடர் சக்தி மட்டுமே, அதிலும் பெரிய எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. சக்தியை இரண்டு மடங்காக்கினால் கிடைக்கும் கூடுதல் ஒலி 3 டெசிபல்தான். காதால் சட்டென்று உணரக்கூடிய வித்தியாசம் அது, அவ்வளவே. ஆறடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்குப் பெட்டிக்கு இருபது வாட் என்பது தாராளம்.

அதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டிய எண், அந்த ஸ்பீக்கர் எந்த ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது என்பது. ஜேபிஎல் 305பி மார்க் 2 என்ற ஐந்து அங்குல ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். அதன் விவரத் தாளில் 49 ஹெர்ட்ஸ் என்று ஓரிடத்திலும் 43 ஹெர்ட்ஸ் என்று இன்னோரிடத்திலும் இருக்கும். இரண்டும் உண்மைதான். முதல் எண், ஒலி 3 டெசிபலுக்கு மேல் ஏறி இறங்காமல் இருக்கும் எல்லை; இரண்டாவது, ஒலி 10 டெசிபல் குறைந்துபோன இடம். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகவே படும். இப்படி இரண்டையும் வெளிப்படையாகப் போடும் நிறுவனத்தை நம்பலாம். எந்த அளவுகோலும் சொல்லாமல் ‘20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று மூன்று அங்குலக் கூம்புக்குப் போட்டிருந்தால், அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு நம் காதை நம்புவதே மேல்.

கடைசியில் நான்கு அங்குல வூஃபரும் பின்பக்கம் காற்றுத் துளையும் கொண்ட ஒரு ஜோடியை, நான் ஒதுக்கி வைத்திருந்த இருபதாயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். அந்த மாடல் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை என்பதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஐந்து அங்குலம் வாங்கலாமே என்று பலரும் சொன்னார்கள். எங்கள் கூடத்தை அளந்து பார்த்த பிறகுதான் நான்கு அங்குலத்தில் நின்றேன். அந்தக் கணக்கை விளக்கிவிடுகிறேன். இந்தப் பதிவில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி அதுதான்.

கூடம் பதினான்கு அடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் ஒலியலை முட்டி முட்டித் திரும்பும்போது, அலைநீளத்தின் பாதி அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் ஒலி தேங்கி நின்றுவிடுகிறது. சென்னையின் முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதை அறையின் நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், பதினான்கு அடிக்கு 41 ஹெர்ட்ஸும் பத்தடிக்கு 57 ஹெர்ட்ஸும் வருகின்றன. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் எங்கள் கூடத்தில் 57 ஹெர்ட்ஸ் இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து வீங்குகிறது. பெரிய வூஃபரைக் கொண்டுவந்து வைத்தால் அது முதலில் ஊதிப் பெருக்குவது இந்த வீக்கத்தைத்தான். நான்கு அங்குலக் கூம்பு அந்த இடத்தில் தானாகவே மெலிந்துவிடுவதால், அறையின் வீக்கமும் கூம்பின் மெலிவும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்கின்றன. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு என்று அறைகள் கட்டப்படும் இந்த ஊரில், ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் அளவு நாடாவை எடுப்பதே முதல் வேலை என்று நான் நினைப்பது இதனால்தான்.

அளவு சரியாக இருந்தும் முதல் நாள் ஒலி எனக்குத் திருப்தியளிக்கவில்லை. அப்பாவின் நாற்காலி பின்சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. தேங்கி நிற்கும் எல்லா ஒலிகளும் சுவரோரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். தொப்பி கேட்டது, ஆனால் எந்தச் சொல்லை வாசித்தாலும் ஒரே ‘தொம்’ என்று கேட்டது. நாற்காலியைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னே நகர்த்தியதும் அந்தத் தொம் இரண்டாகப் பிளந்து, அடித்த இடமும் இழுத்த இடமும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. ஒரு காசு செலவில்லாமல் கிடைத்த முன்னேற்றம் அது. கூடத்தின் நடுவில் நாற்காலி வருவது அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "நடக்கிற வழியில் போட்டால் இடித்துக்கொள்ள மாட்டோமா?" என்று கேட்டார். பகலில் சுவரோரமும் மாலையில் நடுவிலுமாக இருக்கட்டும் என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்.

ஸ்பீக்கர்களுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி இன்னொரு சிக்கல். கூம்பிலிருந்து பின்னோக்கிச் செல்லும் அடி ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, இடைவெளி கால் அலைநீளமாக இருந்தால் முன்னே போகும் ஒலியை எதிர்த்து அழித்துவிடுகிறது. நான் முதலில் கூம்புக்கும் சுவருக்கும் இரண்டடி விட்டிருந்தேன். கணக்குப்படி அது 143 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு பள்ளத்தை உண்டாக்கும். ஆண் பாடகரின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் அதை ஒட்டித்தான் இருக்கிறது. பாடகரின் ஸட்ஜம் மெலிந்து கேட்டதன் காரணம் அதுதான். பெட்டிகளைப் பின்னுக்குத் தள்ளி, துளை மூச்சுவிட நான்கு அங்குலம் மட்டும் விட்டபோது அந்தப் பள்ளம் மேலே நகர்ந்து, குரல் நிறைந்துவிட்டது. சுவர் அருகில் வந்ததால் பேஸ் கூடுவது இயற்கை. பின்பக்கத் திருகில் அதைக் கொஞ்சம் குறைத்தேன். யமஹா எச்எஸ்5 போன்ற மானிட்டர்களில் இதற்கென்றே ‘ரூம் கண்ட்ரோல்’ என்று ஒரு விசை இருக்கிறது. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கலாம். பெட்டியைச் சுவரோரம் வைக்கப்போகிறவர்கள் வாங்கும்போதே இப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் காதுக்கு அதே தூரம் இருக்க வேண்டும் என்ற சமபக்க முக்கோண விதி எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது ஆறடிக்கு ஆறடி. ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும், இரண்டு பெட்டிகளும் கேட்பவரை நோக்கிச் சற்றே திரும்பியிருக்க வேண்டும் என்பதும் எழுபத்து நான்கு வயதான காதுக்கு மிகவும் முக்கியம். வயதாக ஆக முதலில் குறைவது உச்ச ஒலிகள். ட்வீட்டரோ தன் நேர்க்கோட்டில்தான் அவற்றை அதிகம் வீசுகிறது. சாய்வு நாற்காலியில் சாயும்போது அப்பாவின் காது தரையிலிருந்து முப்பத்து மூன்று அங்குலத்தில் இருப்பதை அளந்து, பாட்டி காலத்து இரண்டு தேக்கு முக்காலிகளின் மேல் சமையலறை மேடையில் மிஞ்சிய கடப்பைக் கல் துண்டுகளை வைத்து அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தேன். கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவில் அதிர்வு தாங்கி என்ற பெயரில் விற்கும் பஞ்சுகளை வாங்கவில்லை. பழைய ஹவாய் செருப்பை இரண்டு அங்குலச் சதுரங்களாக வெட்டி நான்கு மூலைக்கும் வைத்தேன். ரப்பரின் வேலையை ரப்பர் செய்கிறது.

முக்கோணம் சரியாக அமைந்ததா என்று சோதிக்க, ஸ்டீரியோ வருவதற்கு முந்தைய ஒற்றைத் தடப் பதிவைவிடச் சிறந்த கருவி இல்லை. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958-ஐ ஒட்டித்தான் உலகில் பரவலாக விற்பனைக்கு வந்தன. 1956-ல் மறைந்த திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் முழுவதும் ஒற்றைத் தடம்தான். இரண்டு பெட்டிகளும் ஒரே ஒலியைத் தருவதால், எல்லாம் சரியாக இருந்தால் நாகஸ்வரம் இரண்டுக்கும் நடுவிலுள்ள வெற்றுச் சுவரில், ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். எங்களுக்கு அது ஒரு கையளவு இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. வலப்பக்கம் திறந்த வாசல், இடப்பக்கம் சுவர். சுவரில் பட்டுத் தெறித்த ஒலிதான் இழுத்திருக்கிறது. நான் சுவரில் ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நகர, அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரியும் இடத்தைச் சொன்னார். அந்த இடத்தில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாயையும் அதன்மேல் ஒரு பவானி ஜமக்காளத்தையும் தொங்கவிட்டதும், வாத்தியம் நடுவுக்கு வந்து நின்றது. அப்பா எதுவும் சொல்லாமல் அந்த வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொதுவாகவே நம் வீடுகள் ஒலிக்குக் கடினமானவை. மொசைக் தரை, பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் கூரை எல்லாமே வெயிலுக்காகவும் கழுவுவதற்காகவும் அமைந்தவை. ஒலியை விழுங்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டினால் ‘டிர்ர்ர்’ என்று ஒரு உலோக நடுக்கம் கேட்குமானால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். தரையில் தடித்த ஜமக்காளம், சன்னலுக்குக் கனமான பருத்தித் திரை, ஒரு பக்கம் நிறைந்த புத்தக அலமாரி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். இரும்பு பீரோவின் கதவு ஒன்று தம்பூராவின் பஞ்சமத்துக்கு மட்டும் கூடவே ரீங்கரித்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கதவிடுக்கில் மடித்த காகிதத்தைச் செருகியதும் நின்றது.

மின்விசிறியைப் பற்றி எந்தக் கையேடும் பேசுவதில்லை. சென்னையில் விசிறி இல்லாமல் உட்கார முடியாது. விசிறியின் நேர் கீழே அமர்ந்து கேட்டால், சுழலும் இறக்கைகள் கூரையிலிருந்து தெறித்து வரும் ஒலியை வெட்டி வெட்டி அனுப்புவதால், நீண்ட கார்வைகள் லேசாக நடுங்குவதுபோல் கேட்கும். வயலினில் அது நன்றாகத் தெரியும். கச்சேரி நேரத்தில் கூரை விசிறியை நிறுத்திவிட்டு, அப்பாவின் காலருகே ஒரு மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில் வைக்கிறோம்.

இரண்டாவது வாரத்தில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் தொடங்கியது. தொலைக்காட்சியின் ஒலியையும் இதே ஸ்பீக்கருக்குக் கொண்டுவர ஒரு கம்பியை இணைத்த நாள் அது. பார்க்க வந்த ஒருவர் ஸ்பீக்கரின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். உள்ளே ஏதேனும் பழுதானால் அந்த முள்தான் உயிரைக் காக்கிறது. இரைச்சலின் காரணம் வேறு. மொட்டை மாடியிலிருந்து செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளின் உறை ஓரிடத்தில் பூமியைத் தொடுகிறது, எங்கள் வீட்டுப் பிளக்கின் எர்த் வேறோரிடத்தில் தொடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம் உண்டாகி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒலிக்கம்பி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. கேபிளைக் கழற்றியதும் அமைதி, மாட்டியதும் இரைச்சல். ஒலிக்கம்பிக்குப் பதிலாக ஆப்டிகல் கம்பியைப் போட்டேன். அதில் வெளிச்சம்தான் போகிறது, மின்சாரம் போக வழியே இல்லை. தொலைக்காட்சியின் அமைப்புகளில் டிஜிட்டல் ஒலி வடிவத்தை ‘பிசிஎம்’ என்று மாற்ற மறந்தால் பல ஸ்பீக்கர்களில் ஒலியே வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு ஒரு மாலை வீணாயிற்று.

ப்ளூடூத் பேச்சுக்கும் செய்திக்கும் போதும். கச்சேரிக்குக் கம்பிதான், படத்தோடு பார்க்கும்போது ப்ளூடூத்தில் ஒலி பின்தங்குவதால், கை விழுந்த பிறகு தாளம் கேட்கும். ஒலியளவை இரண்டு இடத்திலும் திருகாமல், கைப்பேசியில் ஏறக்குறைய முழு அளவில் வைத்துவிட்டு ஸ்பீக்கரின் குமிழால் மட்டும் கூட்டிக் குறைத்தால், அமைதியான இடங்களில் கேட்கும் ‘உஸ்’ என்ற ஓசை குறைகிறது.

பராமரிப்பு பற்றி. சாந்தோம் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். உப்புக் காற்று இணைப்பு முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாக் கம்பிகளையும் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். கூம்பின் ஓரத்தில் நுரைப்பஞ்சு வளையம் உள்ள ஸ்பீக்கர்களை இந்த ஊரில் தவிர்ப்பது நல்லது, சில ஆண்டுகளில் பொடிந்து உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் தாங்கும். கோடையில் பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது இடப் பெட்டியில் பேஸ் காணாமல் போயிருந்தது. கம்பியை மாற்றினேன், பெட்டிகளை இடம் மாற்றினேன், ஒன்றும் உதவவில்லை. கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பக்கத் துளையின் வாயை அடைத்து, விரல் தடிமனில் வழுவழுவென்று செம்மண் பூசப்பட்டிருந்தது. குளவிக்கூடு. வீட்டில் குளவி கூடு கட்டினால் நல்லது நடக்கும், கலைக்கக் கூடாது என்பது அம்மாவின் நம்பிக்கை. அதனால் குளவி வெளியேறும் வரை மூன்று வாரம் காத்திருந்து, பிறகு அதை ஈரத்துணியால் நனைத்துப் பெயர்த்தெடுத்தேன். இப்போது இரண்டு துளைகளின் வாயிலும் கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறது. வலை மெல்லியது, காற்று தடைபடவில்லை. ஒலியில் எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு தொல்லை. கூடத்தைத் துடைக்கும்போது முக்காலிகள் நகர்ந்துவிடுகின்றன. இரண்டு அங்குலம் விலகினால்கூட மாலையில் அப்பா, "இன்றைக்கு மிருதங்கம் வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறது" என்கிறார். சாக்பீஸால் போட்ட கோடுகள் ஈரத்துணியில் அழிந்துபோயின. போன ஞாயிற்றுக்கிழமை, முக்காலிகளின் ஆறு கால்களுக்கும் நாற்காலியின் நான்கு கால்களுக்கும் மொசைக் தரையில் சிவப்பு நகப்பூச்சால் பத்துப் புள்ளிகள் வைத்தேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த முறை துடைத்ததும் அவரே முக்காலிகளைத் தூக்கிப் புள்ளியின் மேல் சரியாக வைத்தார்.